வயல்நீரில் மினுங்கிய ஏடு

கல்லூரியில் புவியியல் படித்தபோது எங்களைக் குடகுப் பக்கம் ஒரு மழைக்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மழை பெய்தது என்று சொல்வது போதாது, குடியிருந்தது. சாலைக்காக வெட்டிய சரிவில் மண் ஆளுயரத்துக்கு மேல் சிவப்பாக நின்றது. அதன் அடியில் தெரிந்த பாறையை விரலால் கிள்ளினேன். பொரிமாவு மாதிரி உதிர்ந்தது.

மக்கிய இலைகளின் புளிப்பைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மழை, பாறையில் கரைவதையெல்லாம் கரைத்து ஆற்றுக்குக் கொடுத்துவிடுமாம். இரும்பு எளிதில் கரையாது. துருவாகப் பின்தங்கி மண்ணைச் சிவப்பாக்கும். ஆனால் காற்றுப் புகாமல் தண்ணீர் தேங்கிவிட்டால் அதே இரும்பு கரைந்து, சத்தமில்லாமல் நகரும். எங்கேயாவது வெளியே வந்து காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகும். சரிவின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. அதன் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய ஏடு. எண்ணெய் என்றோம். ஆசிரியை ஒரு குச்சியால் தொட்டார். ஏடு சில்லுசில்லாக உடைந்து, உடைந்தபடியே மிதந்தது. எண்ணெயாக இருந்தால் உடனே கூடிக்கொள்ளும், இது இரும்பு என்றார். மற்ற பாடமெல்லாம் மறந்துபோயிற்று. அந்தச் சில்லுகள் மட்டும் பல வருடம் என் கனவில் மிதந்தன.

பிறகு கல்யாணமாயிற்று. கணவருக்கு வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. பதினெட்டு வருடம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பு. நாற்பது நாளில் ஒரு மனிதரிடம் சண்டை போடக்கூட நேரம் போதாது. மிச்ச நாளெல்லாம் எனக்குக் கோபம்தான் துணை.

போன வருடம் திரும்பி வந்தார். முத்துப்பேட்டைக்கு வடக்கே கொஞ்சம் வயல் வாங்கி, அதன் ஓரத்திலேயே வீட்டுக்கு மனை எடுத்தார். எங்கள் பக்கம் தாழ்ந்த பூமி. மனையை மேடாக்காமல் யாரும் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. பட்டுக்கோட்டைக்கு மேற்கேயிருந்து லாரி லாரியாகச் செம்மண் வந்து இறங்கியது. ஐப்பசி மழையில் அந்த மேடு ஊறிக் கிடந்தது. சம்பா விளைந்தால் இங்கேயே இருந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி போகத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் நெல்லுக்காக அல்ல, அவருக்காகத் தினமும் அந்தப் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை, மனையை ஒட்டிய பயிரின் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. வரப்போரத் தண்ணீரில் வானவில். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், குரூட், கச்சா எண்ணெய் என்றார். எங்கள் பக்கத்து வயல்களுக்கு அடியில் எண்ணெய்க் குழாய்கள் போவது உண்மைதான். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பதினெட்டு வருடம் எண்ணெயில் நின்றவர் கண்ணுக்கு மினுங்குவதெல்லாம் எண்ணெய். நிலம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினார். பாஸ்போர்ட்டை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். பழைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

எட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அவரோடு வயலுக்குப் போவேன், வரப்பில் உட்காருவேன். தூறலில் பச்சையும் ஊதாவும் நெளியும். எங்கேயோ இருந்த காடு ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்து எங்கள் நெல்லுக்குள் நிற்பதுபோல இருக்கும். அப்படியே தூங்கிவிடலாம் போலிருக்கும்.

ஒன்பதாம் நாள் ஒரு கோரைத் தண்டைப் பிடுங்கி ஏட்டைத் தொட்டேன். உடைந்தது. காத்திருந்தேன். சில்லுகள் விலகி விலகிப் போயினவே தவிர, கூடவில்லை.

அவரைக் கூப்பிட்டுக் காட்டி, இது எண்ணெயில்லை, இரும்பு என்றேன். தண்டை வாங்கி அவரும் நாலு இடத்தில் தொட்டார். பிறகு தலையைத் தூக்கி, தான் கொட்டிய செம்மண் மேட்டைப் பார்த்தார். அதன் அடியிலிருந்து கசிந்த தண்ணீர் வயலுக்குள் வரும் வழியெல்லாம் துரு காவியாகப் படிந்திருந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், லாரி வைத்துப் போட்டுக்கொண்டவர் நீங்கள்தான் என்றேன். அவர் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"இது தெரிஞ்சும் எட்டு நாளா ஏன் சொல்லல?"

"தொட்டுப் பாத்து, அது கூடிக்கிச்சுன்னா நீங்க போயிடுவீங்களே, மச்சான்."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கும் வயலுக்கும் நடுவே வடிகால் வெட்டத் தொடங்கினார். கசிவு அந்தப் பக்கம் திரும்பட்டும், வயலை வடித்து நாலு நாள் காற்றாட விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயிர் தேறுமா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். இன்றுவரை அவர் அதைத் தேடவில்லை.