பள்ளிக்கு அனுப்பாத பிள்ளை

அரசாங்கச் சம்பளம் வாங்கும் டீச்சர் நான். மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலவில் என் அடுத்த வீட்டு றுஸைனா, மகளைப் பாடசாலையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துப் படிப்பித்தது சரிதான் என்று நான் சொன்னால், கூட வேலை செய்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பெரியவளானதும் றுஸைனாவின் படிப்பை வீட்டார் நிறுத்தினார்கள். அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணமாகி, கைக்குழந்தையோடு பரீட்சை எழுதித்தான் சாதாரண தரம் பாஸானாள். அப்படிப்பட்டவளே மகளை வீட்டில் வைத்துக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? "தன்ன நிப்பாட்டின ஆத்திரத்த மகள்ட்ட காட்டுறா" என்று வாய் கூசாமல் பேசினார்கள்.

அவர்களுக்கு அந்த மகள் ஜெஸ்லாவைத் தெரியாது. எனக்குத் தெரியும், அவள் என் வகுப்புப் பிள்ளை. பேச்சு திக்கும். நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் உள்ள வகுப்பில் அவள் எழுந்து நின்றாலே சிரிப்பு கிளம்பிவிடும். நான் அதட்டுவேன், சிரிப்பு அடங்கும், அவள் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். கடைசியில் பெயரைக் கூப்பிட்டால்கூடப் பதில் சொல்வதை விட்டுவிட்டாள். காலையில் சீருடையைக் கண்டாலே வாந்தி எடுத்தாள். ஒரு நாள் றுஸைனா அந்தச் சீருடையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

"ஸ்கூலத்தான் நிப்பாட்டினேன் டீச்சர், படிப்ப இல்ல" என்றாள் என்னிடம்.

சொன்னபடியே செய்தாள். நீராவி ஒடுங்கி நீராகும் பாடத்தை நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். அவள் மகளை பஸ்ஸில் ரிவர்ஸ்டன் மலைக்குக் கூட்டிப் போய் மூடுபனிக்குள் நிறுத்தினாள். "உம்மா, என் தலைமுடியிலேயே ஒ... ஒடுங்குது!" என்று ஜெஸ்லா கத்தினாளாம். என் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பாடமாக்கி எழுதி, அடுத்த தவணையே மறந்தார்கள். குறை இல்லாமலும் இல்லை. றுஸைனாவுக்குச் சிங்களம் தடுமாறும். மகளுக்கு விளையாட ஒரு தோழி இல்லையே என்று என்னிடம் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவாள். ஆனால் பிள்ளை பேசத் தொடங்கியிருந்தாள், அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பாடசாலைக்கு வராத பிள்ளைகளை விசாரிக்க துஷ்யந்தன் என்று ஓர் அதிகாரி புதிதாக வந்திருந்தார். நல்ல மனிதர், தமிழ்ப் பற்று உள்ளவர், ஸ்கூல் என்ற சொல் அவர் வாயில் வராது. மாத்தளை டவுனில் றுஸைனாவின் கணவர் நிஸ்தார், ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று தொப்பியோடு கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது இவர் போய் நின்றிருக்கிறார்.

"உங்க மகள் பள்ளிக்குப் போறதில்லையா?"

முஸ்லிம்களுக்குப் பள்ளி என்றால் பள்ளிவாசல். நிஸ்தாரின் கால் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. "பொம்புளப் புள்ளைகள நாங்க பள்ளிக்கு அனுப்புறதில்ல சேர்" என்றார் மனிதர், மிக மரியாதையாக. "ஊட்டுலதான் ஓதுவா."

குர்ஆன் ஓதுவதைத்தான் சொன்னார். அதிகாரி கொதித்துப்போய் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமையானதால் பாடசாலை நேரத்தோடு விட்டிருந்தது, சத்தம் கேட்டு நான் ஓடினேன். பள்ளி என்றால் இவர்களுக்கு என்னவென்று நான் விளக்கியதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட்ட மனிதர் கோபப்பட்ட மனிதரைவிடக் கஷ்டம்.

"வீட்டுல படிக்கிறாங்கன்னு சொல்லிச் சொல்லி எத்தனை பொம்பளப் பிள்ளைங்கள குசினியில அடைச்சிருக்காங்க, தெரியுமா டீச்சர்?" என்றார். அது பொய்யில்லை. றுஸைனாவே அப்படி அடைக்கப்பட்டவள்தான், அவள் தலை குனிந்துபோனது. "சரி, பிள்ளை வாசிக்கட்டும், பார்க்கிறேன்."

ஜெஸ்லா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "இவளுக்குப் பேச்சு திக்கும் சேர்" என்றேன், அவர் காதில் வாங்கவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது.

"புது ஆள்கிட்ட ஒரு சொல் பேச வரலையே. வீட்டுக்குள்ளேயே வச்சா இப்படித்தான்" என்றார் அவர். "திங்கட்கிழமை அனுப்புங்க. இல்லாட்டி வழக்குப் போட வேண்டி வரும், தாய்தான் நீதிமன்றத்தில வந்து நிற்கணும்."

அப்போது ஜெஸ்லா புத்தகத்தை மூடினாள்.

"நா... நான் ஸ்கூலுக்குப் போறேன் சேர். எங்க உ... உம்மாவக் கோட்டுக்கு இழுக்காதீங்க."

அந்நியர் ஒருவரிடம் அவள் முழுதாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் உட்கார்ந்து அவளை வாய் திறக்க வைத்தவள் றுஸைனா. துஷ்யந்தனோ சந்தோஷமாகச் சிரித்தார். "பாருங்கம்மா, பிள்ளைக்கே போக ஆசை!"

திங்கட்கிழமை ஜெஸ்லா வந்தாள். சீருடை அவளுக்குக் குட்டையாகியிருந்தது. பாடசாலை கேட்டுக்கு வெளியே றுஸைனா போக மனமில்லாமல் நின்றாள். பதிவேட்டைத் திறந்து நான் வரவு எடுத்தேன். ஜெஸ்லா என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். பின்வரிசையில் சிரிப்பு தொடங்கியது. அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆள் வந்திருக்கிறாள் அல்லவா, வரவு என்றே போட்டேன்.