முதல் பக்கம் வரை

ஹட்டன் கடையொன்றில் பேத்திக்காகப் புதுக் கதைப்புத்தகம் தேடினேன். வயது வாரியாக அடுக்கியிருந்தார்கள். பத்து வயதுக்கானதைப் பிரித்ததும் அதே பசை வாசம்.

எழுபதுகளில், டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் இப்படிப் புதுப் புத்தகங்களோடு ஒரு பெட்டி வந்தது. அதிகாரிகள் பார்க்க வந்த அன்று, வாத்தியார் பெரிய பிள்ளைகளுக்கான புத்தகத்தை என்னிடம் தந்தார்.

"சத்தமா வாசி புள்ள. இது ஒனக்குத்தான்."

முதல் பக்கம் வாசித்தேன். கைதட்டினார்கள். அவர்களின் ஜீப் வளைவில் மறைந்ததும் வாத்தியார் புத்தகத்தைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"எனக்குன்னு சொன்னீங்களே சார்?"

"லயத்துக்குப் போனா கிழிஞ்சுதான் வரும். போ."

அந்த மனுஷன் பிறந்ததும் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடொன்றில்தான்.

கடையில் முதல் பக்கத்தை முடித்தேன். கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. என் கை தானாகவே புத்தகத்தை அவரிடம் நீட்டிவிட்டது.