ஒரு சாண் தூரம்

தீக்காயம் ஆறிவிட்டது என்று நினைத்திருந்த நாளில், காப்பி டம்ளரைப் பிடிக்கப் போனேன். வலது கட்டைவிரல் விரியவில்லை. 'கான்ட்ராக்சர்' (தழும்பு இறுகி மூட்டை மடக்கிவிடுவது) என்றார் டாக்டர். தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். பிறகு வாரம் இருமுறை விருதுநகர் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி.

பயிற்சி அறை பெஞ்சில் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார், விஸ்வநத்தத்தில் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். அவருக்குத் தோள் வெந்திருந்தது. நான்கு பேர் மட்டுமே இருக்கவேண்டிய அறைக்கு, தீப்பிடித்த அன்று என்னையும் சேர்த்து ஆறு பேரை அனுப்பியவர் அவர்தான். அந்த அறையில்தான் என் தோழி மாரி செத்தாள்.

பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அவர் குரல்வளை என்று நினைத்து அமுக்கினேன். கை சீக்கிரமே பலப்பட்டது, பொய் சொல்லவில்லை.

அவர் வாய் ஓயாது. கம்பெனி இல்லாவிட்டால் இந்தக் கரிசலில் யாருக்குக் கஞ்சி என்பார். விபத்தெல்லாம் வேலையாட்களின் அவசரத்தால் என்பார்.

"அந்தாளு பேச ஆரம்பிச்சா எந்திரிச்சு வந்துரு" என்றார் என் வீட்டுக்காரர். நான் எழுந்திருக்கவில்லை. சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விபத்து விசாரணை வரவிருந்தது. மனுஷன் பேசிப் பேசியே மாட்டட்டும் என்று காது கொடுத்தேன். தீ எப்படிப் பிடித்தது என்பது மட்டும் எனக்கு ஞாபகமே இல்லை.

ஒருநாள் அவரே சொன்னார்.

"நீதான் தாயி வெடிமருந்துச் சட்டியத் தரையில இளுத்த. இளுக்காத, தூக்குன்னு வாசல்ல நின்னு கத்துனேன். உரசித்தான் பிடிச்சுச்சு."

"பழிய என் தலையில கட்டுறீகளா அண்ணாச்சி?"

பந்தை அவர் முகத்தில் எறியக் கை ஓங்கினேன். ஓங்கிய கை நின்றது. சட்டியின் விளிம்பு விரலில் அழுந்தியது ஞாபகம் வந்துவிட்டது.

"எதுக்கு இளுத்தேன்? அதையும் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "தூக்க எடமில்ல. மாரி உன் முட்டிய ஒட்டி உக்காந்திருந்தா."

"அவள அங்கன உக்கார வச்சது யாரு?"

முதல்முறையாக, பேச்சின் பாதியில் அவர் எழுந்து போனார்.

விசாரணையில், நான் இழுத்ததை நானே சொன்னேன். ஆறு பேரை அடைத்ததால் இழுத்தேன் என்றும் சொன்னேன். அவரைக் கேட்டார்கள். பாதி அவர் வாயிலிருந்து வந்ததுதானே, எப்படி மறுப்பார்? "ஆமா" என்று தலை குனிந்தார். பிறகு அவர்மேல் வழக்கும் வந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதில் எனக்கு வெட்கமில்லை.

என்னைப் போல் வெந்தவர்களுக்குச் சொல்கிறேன்: பிடிக்காதவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எழுந்து போகாதீர்கள். மன்னிக்கச் சொல்லவில்லை. நான் மன்னிக்கவில்லை. உங்களிடம் இல்லாத பாதி அவரிடம் இருக்கலாம். அது உங்களையும் சுடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் நாள், கையை மேஜைமேல் விரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. அந்தச் சட்டியை நான் இழுத்தது ஒரு சாண் தூரம்தான் இருக்கும். என் கை இன்னும் அவ்வளவு விரியவில்லை.