கத்தரியக்கா போட்ட ஓட்டு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பெண்களுக்கு முடி வெட்டும் கடை போட்ட பிறகு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. தெரு முழுவதற்கும் கத்தரியக்கா. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, மூலையில் தலை அலசும் தொட்டி, அவ்வளவுதான் கடை. நாற்காலியில் உட்கார்ந்த மாமியார் மருமகளைத் திட்டினால் கத்தரியக்கா "ஆமாமா" என்பாள். அதே மருமகள் மறுநாள் வந்து மாமியாரைத் திட்டினாலும் "ஆமாமா" என்பாள். வியாபாரத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றிவிடும். "உனக்குன்னு ஒரு அபிப்பிராயமே கெடையாதா?" என்று கணவர் ஒருமுறை கேட்டார். "நீங்க கேக்கறதும் நியாயந்தான்" என்றாள்.

கணவர் ஓர் உரக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றபோது கம்பெனி தன் பங்குகளில் கொஞ்சம் கொடுத்தது. அவர் போன பிறகு அவை அவள் பெயருக்கு மாறின. வருஷத்துக்கு ஒருமுறை வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் வரும். அதில் இயக்குநர்கள் கோட்டு போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். கத்தரியக்கா அவர்களுடைய தலைகளை மட்டும் பார்ப்பாள். யாருக்குக் கிருதா சரியில்லை என்று தெரிந்துகொண்டு மூடி வைத்துவிடுவாள்.

குழப்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் கணக்கு டீச்சர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், அதே கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர். தலையில் சாயம் ஊறிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"கம்பெனி உரத்துக்குக் கல்லு எங்கேருந்து வருதுன்னு தெரியுமா?"

"கப்பல்ல வருதுன்னு தம்பி சொல்லுவான்."

"கப்பலுக்கு முன்னாடி?"

கப்பலுக்கு முன்னால் என்று ஒன்று இருப்பதை அவள் யோசித்ததே இல்லை. டீச்சர் விளக்கினார். கடலுக்கு அப்பால் ஒரு பாலைநிலம். பாஸ்பேட் கல் அங்கேதான் தோண்டுகிறார்கள். பக்கத்து நாடு படையோடு வந்து உட்கார்ந்துகொண்டு இது எங்களுடையது என்கிறது. அங்கே பிறந்தவர்களில் பாதிப் பேர் எல்லைக்கு வெளியே கூடாரங்களில் கிடந்துகொண்டு, இல்லை, எங்களுடையது என்கிறார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது, கல் மட்டும் நிற்காமல் கப்பலேறுகிறது.

"பங்காளிச் சண்டை தீர்றதுக்கு முன்னாடி ஒருத்தன் மட்டும் மரத்த வெட்டி வித்தா, அத நாம வாங்கலாமா?"

"அது எப்படி வாங்கறது?" என்றாள் கத்தரியக்கா.

"அதான் வாங்கக் கூடாதுன்னு இந்த வருஷக் கூட்டத்துல தீர்மானம் கொண்டு வரோம். நீங்க வந்து ஆதரவா ஓட்டுப் போடணும்."

"ஆமாமா, போடணும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி சாப்பிட வந்தான். அதே கம்பெனியின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். விஷயம் அவன் காதுக்கும் போயிருந்தது.

"எவனோ எங்கயோ அடிச்சுக்கிறான். அதுக்கு எங்க வயித்துல அடிக்கணுமா? அந்தக் கல்லு மாதிரி வேற கல்லு லேசுல கெடைக்காதுக்கா. மெஷினே அதுக்குன்னு போட்டது."

"ஆமாண்டா, அதுவும் சரிதான்."

"அதுவும்னா? வேற எது சரி?"

கத்தரியக்கா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

கூட்டம் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. கால் புதையும் கம்பளம். தலைவர் பேசினார். சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது, அந்த ஊரில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சுரங்கத்தால் வந்தவைதான் என்றார். பிறகு டீச்சரோடு சேர்ந்து தீர்மானம் கொண்டு வந்தவர்கள் அழைத்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். கூடாரத்தில் பிறந்தவள். என் நிலத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதைத் தோண்டி விற்பதையும் படத்தில்தான் பார்க்கிறேன் என்றாள். அவள் பேசியதை இன்னொரு பெண் நம் மொழியில் சொன்னாள். கத்தரியக்காவுக்குக் கண் கலங்கியது.

டீச்சர் முழங்கையால் இடித்தார். "இப்ப கலங்குறீங்க. தலைவர் பேசினப்போ எதுக்குத் தலையாட்டினீங்க?"

"ஆஸ்பத்திரின்னாரே."

இடைவேளையில் குடிநீர்க் குழாய் பக்கம் அந்தப் பெண் நின்றிருந்தாள். கத்தரியக்கா மொழிபெயர்ப்புப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. வாங்கறத நிறுத்திட்டா, அங்க சுரங்கத்துல வேலை பாக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள், "எங்கக்கா அங்கதான் வாழ்க்கைப்பட்டிருக்கா. மாமாவுக்கு அந்தச் சுரங்கத்துலதான் வேலை."

"நீ இங்க வந்தது அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். போகாதேன்னா. அப்புறம் என் போனையே எடுக்கல."

"அதுக்கப்புறமும் வந்திருக்கியே."

"வந்துட்டேன். என் எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க?"

கத்தரியக்கா வாயைத் திறந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லும் பதில் எதுவும் இங்கே பொருந்தவில்லை. "எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

அதை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். "எனக்கும் சில நாள் தெரியாது."

ஓட்டுச் சீட்டு வந்தது. ஆதரவு என்று ஒரு கட்டம், எதிர்ப்பு என்று ஒரு கட்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டம் போட்டிருக்கலாம் என்று நினைத்தாள். தம்பி நினைவுக்கு வந்தான். போனை எடுக்காத அந்த அக்காவும், முகம் தெரியாமலே, நினைவுக்கு வந்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அன்றுவரை வெறும் பேச்சாகத்தான் கேட்டிருந்தாள். கடைசியில் ஆதரவில் குறி போட்டாள். ஏன் போட்டாள் என்பதற்குப் பின்னாளில் பல காரணங்கள் சொல்லிப் பார்த்தாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம்தான்.

தீர்மானம் படுதோல்வி. பெரிய பங்குக்காரர்கள் அநேகமாக எல்லாரும் தலைவர் பக்கம். கத்தரியக்காவுக்கு, அப்பாடா, நம்மால் எதுவும் ஆகவில்லை என்று நிம்மதி வந்தது. வெளியே வரும்போது அந்தப் பெண் சுவரோரமாகத் தனியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அந்த நிம்மதியே உறுத்தியது.

கதை அதோடு முடிந்தது என்றுதான் இருந்தாள். ஆனால் சில மாதங்களில் கம்பெனியே அந்தக் கல்லை வாங்குவதை நிறுத்தியது. ஏதோ பெரிய ஓய்வூதிய நிதிக்காரர்கள், நிறுத்தாவிட்டால் எங்கள் பங்கையெல்லாம் விற்றுவிட்டுப் போய்விடுவோம் என்று மிரட்டினார்களாம். டீச்சர் இனிப்போடு கடைக்கு வந்தார். "நாம ஜெயிச்சுட்டோம்" என்றார். தோற்ற ஓட்டு எப்படி ஜெயித்தது என்று கத்தரியக்காவுக்குப் பிடிபடவில்லை. இனிப்பைத் தின்றாள்.

வேறு கல்லுக்கு ஏற்ப மெஷினை மாற்றும்வரை கிடங்கை மூடினார்கள். தம்பி வீட்டில் உட்கார்ந்தான். ஞாயிறன்று சாப்பிடும்போது, ஓட்டுப் போட்டவர்களை வாயில் வந்தபடி ஏசினான்.

"நானும் போட்டேண்டா."

"என்னத்த?"

"நிறுத்தணும்னு."

அவன் கை சோற்றிலேயே நின்றது. "என்ன நெனச்சுப் போட்ட?"

அவள் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். குழாயடியில் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் முகம் இளகவில்லை.

"அப்ப அந்த மாமாவுக்கு வேலை போச்சா?"

"தெரியல. நாம வாங்காட்டி வேற யாரோ வாங்கறாங்களாம். கப்பல் போய்க்கிட்டுத்தான் இருக்காம்."

"அப்புறம் எதுக்கு நிறுத்தின?"

"டீச்சரக் கேட்டேன். ஒவ்வொருத்தரா விட்டாத்தான் ஒருநாள் நிக்கும்னாங்க."

"அதுவும் சரிதான்னு சொல்லுவியே."

அவள் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனான்.

கிடங்கு திறந்த பிறகும் அவன் சில வாரம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றான். புதுக் கல் சிவப்பாக இருக்கிறது, தூசிதான் அதிகம் என்றான். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பொண்ணோட அக்கா போன எடுத்தாளாமா?"

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, டீச்சரிடம் நம்பர் வாங்கி, மொழிபெயர்ப்புப் பெண்ணைக் கூப்பிட்டாள் கத்தரியக்கா. அவளுக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் வேறொரு நாட்டில், வேறொரு கம்பெனியின் கூட்டத்தில் பேசப் போயிருக்கிறாளாம். வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.