நாங்கள் சுத்தம் செய்த ஓடையோரம்

நடந்து எட்டு நாளாகிவிட்டது. வகுப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிடமே சுண்ணக்கட்டியைப் பலகையில் அழுத்தி முறித்துவிடுகிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பதுளை டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு ஏறும் வழியில், தேயிலை கைவிடப்பட்டுப் புதராகிப்போன ஒரு சரிவை, வீடு கட்டி விற்கும் கம்பனி ஒன்று வாங்கியது. மலையை வெட்டி விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்று எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் பேசினோம். அதிகம் பேசியது நான்தான். பிறகு, தோட்டத்தில் வேலைநாள் குறைந்துபோன பெண்கள் ஆறு பேர் அங்கே நாற்று வேலைக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா அங்கே சுவர் கட்டும் மேசன்மாருக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தே தன் வீட்டு ஓட்டைத் தகரத்தை மாற்றிவிட்டார். லயத்துக்குப் பின்னால் சும்மா நின்ற செடிகளைக்கூடக் கம்பனி விலைக்கு வாங்கிப்போனது. கடைசியில், பட்டம் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்த என் மகளுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மகள் படித்தது உயிரியல். வீடுகளுக்குக் கீழே ஓடும் சிற்றோடையின் இரு கரையையும் கட்டடம் இல்லாமல் விட்டு, பறவையும் பூச்சியும் வந்து தங்கும்படி பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஆறு மாதம் தற்காலிகம். அது முடியும்போது கொழும்பு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். கரையில் உயிர் நடமாட்டம் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் இன்னும் நான்கு வீடு எழும்பும், இவள் வீட்டுக்கு வருவாள்.

இதையெல்லாம் இப்போது தெளிவாக எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரிந்தது, "தோட்டத்தப் பாத்துக்கிற வேலைப்பா" என்று அவள் சொன்னது மட்டும்தான்.

சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் தோட்டத்தைப் பார்க்க வருவார்கள் என்றும் சொல்லியிருந்தாள். எனக்கு மூன்று மணியிலிருந்தே தூக்கமில்லை. விடிந்ததும் மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஒரு பாத்திரத்தில் பால்சோறும் எடுத்துக்கொண்டு போனேன். கொழும்பு ரயிலில் வருகிறவர்களைக் கூட்டிவர மகள் ஏற்கெனவே வேனில் ஸ்டேசனுக்குப் போயிருந்தாள். காவலாளி எங்களை உள்ளே விட்டார். ரயில் இரண்டு மணிநேரம் தாமதம் என்றும் சொன்னார்.

நாங்கள் ஓடையோரத்தைப் பார்த்தோம். இடுப்பளவுக்குக் களை. நாயுருவி, தும்பை, கிலுகிலுப்பை, பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ.

"என்னாங்க, ஆறு மாசமா இந்தப் புள்ள இங்க என்னா செஞ்சிருக்கு?" என்றாள் மனைவி.

"நான் என்னத்தக் கண்டேன்."

"எங்க தேயில நெரை இப்பிடிக் கெடந்தா கங்காணி அரைப்பேர்தான் போடுவாரு, பாதி நாள் சம்பளந்தான். இவளுக்கு வேலையே போயிரும்."

அவள் பதினெட்டு வருடம் தேயிலைக்குள் புல் வெட்டியவள். நான் வாத்தியாராகும் முன், லீவு நாட்களில் அம்மாவோடு வெட்டியவன். எங்களைப் போன்றவர்களுக்குக் களையைக் கண்டால் வேறு யோசனையே வராது. காவலாளியிடம் களை வெட்டும் சுரண்டி இரண்டு வாங்கினோம். ஆளுக்கொரு நிரையாகப் பிடித்துக் கீழிருந்து மேலே ஏறினோம். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேலியோரம் குவித்தோம். வெயில் ஏறிவிட்டது.

"உங்க நெரை கோணலா போகுது சார்" என்று மனைவி கேலி செய்தாள்.

"புல்லு வெட்டி ரொம்ப நாளாச்சு."

"படிச்சதுல இதையும் மறந்துட்டீங்களா?"

இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருவரும் வேலை செய்து எத்தனை வருடமோ. வேன் சத்தம் கேட்டபோது ஒரு கரையில் பாதிக்குமேல் வழித்துத் துடைத்தாகிவிட்டது. செம்மண் பளபளவென்று தெரிந்தது. நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மகள் என்ன சொல்வாளோ என்று ஆசையோடு நின்றேன்.

மகள் இறங்கி நாலு அடி வந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா. என்னா செஞ்சீங்க?"

"சுத்தம் பண்ணிட்டோம் பாப்பா. இனி தைரியமா காட்டு."

"அதுதான்ப்பா காட்ட வேண்டியது." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விதை தேடி, லயம் லயமா அலைஞ்சு, ஒண்ணொண்ணா நட்டது."

என் கையில் ஒரு கிலுகிலுப்பைச் செடி இருந்தது. மனைவி அதைப் பிடுங்கி மறுபடி மண்ணில் குத்திவைத்தாள். அது உடனே சாய்ந்தது. அவள் இன்னொன்றைக் குத்தினாள். அதுவும் சாய்ந்தது. அழுகைக்கு நடுவே மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு இரண்டும் வரவில்லை. என் பிள்ளையின் வேலையை என் கையாலேயே வேரோடு பிடுங்கிவிட்டேன் என்பது மட்டும் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குள் கொழும்பிலிருந்து வந்த அம்மையார் வேலியோரம் நடந்து போயிருந்தார். அங்கிருந்து சிங்களத்தில் மகளைக் கூப்பிட்டார். எல்லோரும் ஓடினோம்.

நாங்கள் குவித்திருந்த களைமேட்டில் வண்ணத்துப்பூச்சிகள். கறுப்பில் வெளிர்நீலக் கோடு போட்டவை. பத்து இருபது என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். வாடிய கிலுகிலுப்பைத் தண்டுகளில் தொற்றிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எங்கள் தலைக்குமேல் சுற்றி, அம்மையாரின் தோளில்கூட இரண்டு உட்கார்ந்திருந்தன. அவர் அசையாமல் நின்று, கைபேசியை மட்டும் மெதுவாக உயர்த்தினார்.

இது உன் ஏற்பாடா என்று அவர் மகளிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடு தாயே என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இல்லை மேடம். எங்க அப்பாவும் அம்மாவும் களைன்னு நெனச்சுப் புடுங்கிப்போட்டது" என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு விளக்கினாள்: கிலுகிலுப்பை அடிபட்டு வாடும்போது ஒரு சாறு கசியும், ஆண் பூச்சிகளுக்கு அது வேண்டும், தூரத்திலிருந்தே தேடி வரும். செடி இங்கே இருந்ததால்தான் இவை இந்தப் பக்கம் திரிந்தன. அழிந்த பாதிக் கரை திரும்பி வர நாலு மாதமாவது ஆகும். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் என்ன படித்தாள் என்று முதல்தடவையாக அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அம்மையார் எங்கள் இருவரையும், மண் அப்பிய கைகளையும் சுரண்டிகளையும் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். மிஞ்சியிருந்த மறுகரைக்கு இறங்கிப்போய் வெகுநேரம் பார்த்தார். குனிந்து இலைகளைத் திருப்பினார். கொண்டைக்குருவிக் கூடு ஒன்றை மகள் காட்டினாள். திரும்பி வந்து, அந்த நான்கு வீடுகளின் வரைபடத்தை இனித் தூக்கிப்போடலாம் என்றார். நிரந்தரக் கடிதத்தை மகள் திங்கட்கிழமை எதிர்பார்க்கலாம் என்றும் சொன்னார்.

நின்ற இடத்திலேயே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தேன்.

மகள் வந்து எனக்குக் கை நீட்டினாள்.

"எழும்புங்கப்பா. ஒங்களுக்குக் கீழ ஒரு நாத்து இருக்கு."