எத்துப்பல் வைத்த பட்டாசுப் பெட்டி

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்குப் படம் அமைப்பவன் நான். கதாநாயகிகள் மட்டுமே சிரித்த பெட்டிகளில், முதல்முறையாக ஒரு நகைச்சுவை நடிகைக்கு இடம் கிடைத்தது. என் தாராள மனசு சும்மா இருக்குமா? கன்னத்தைக் குறைத்து, எத்துப்பல்லை உள்ளே தள்ளி, அழகியாக்கிவிட்டேன்.

அச்சுக்கு முன் பார்க்க அவரே வந்தார். பக்கத்து ஊரான வெம்பக்கோட்டைக்காரர். அவர் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஓர் அடி விழும். வந்ததுமே எனக்கு ஒன்று கிடைத்தது. படத்தைப் பார்த்தவர் சிரிக்கவில்லை.

“அண்ணே, எம் பல்லை எங்கன ஒளிச்சு வச்சீக? இம்புட்டு நாளா அதுதான எனக்குச் சோறு போடுது! இதப் பாத்தா எங்க ஆத்தாளே யாருன்னு கேப்பா.”

பல்லைத் திருப்பி வைத்தேன். முதுகில் பலமாக விழுந்தது அடி.

அன்றே, என் கம்பெனி அடையாள அட்டைப் படத்தில், வழுக்கைமேல் நானே வரைந்திருந்த தலைமுடியையும் அழித்தேன். மறுநாள் வாட்ச்மேன் முதல்முறையாக என்னை மறிக்காமல் உள்ளே விட்டார்.