ஒரே தேதி, இரண்டு நிறம்

பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். இணையத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தெரியும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு நியாலாஸ் ஊர்ப் பக்கம் சம்பந்தம் அமைந்தது. நிச்சயத்தன்று பேசியபடி மலாக்காவில் மண்டபம் எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு, சாப்பாடு எங்கள் பொறுப்பு. சில நாளில் சம்பந்தி போன் செய்தார்.

"மண்டபம் எடுத்தாச்சு சம்பந்தி. அவங்க வெப்சைட்லயே புக் பண்ணிட்டேன். நீங்க சமையலுக்கு ஆள பாருங்க."

சந்தோஷத்தில் அந்த வெப்சைட்டைத் திறந்தேன். எடுத்த தேதி சிவப்பு, காலித் தேதி பச்சை. எங்கள் தேதி பச்சையாக இருந்தது. மறுநாளும் பச்சை. நாலாம் நாள் மகளிடம் சொன்னேன். அவளும் தன் போனில் பார்த்தாள்.

"எனக்கும் பச்சைதான்ப்பா. எதுக்கு அவங்க பொய் சொல்லணும்?"

அதன் பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. புடவை எடுக்க எப்போது போகலாம் என்று என் மனைவி கேட்டபோது, "என்னா அவசரம் லா" என்றாரே சம்பந்தி, ஏன்? நிச்சயத்தன்று அவர் மனைவி தேநீரைப் பாதியில் வைத்தாரே, அது ஏன்?

நியாலாஸுக்கு, சம்பந்திக்குப் போன் போட்டு, மழையைப் பற்றித் தொடங்கி மண்டபத்துக்கு வந்தேன்.

"என் போன்ல நல்லா சிவப்பா இருக்கே! கண்ணாடிய மாத்துங்க சம்பந்தி" என்று சிரித்தார். ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால், பெண் வீட்டார் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தெளிவா தெரியலன்னா நிச்சயத்தட்ட திருப்பிக் குடுத்துருங்கப்பா" என்றாள் மகள்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பச்சையை அமுக்கி, அதே தேதியை என் பெயரில் பதிந்து பார்த்தேன். அவர் எடுத்தது உண்மையானால் என்னை விடாது அல்லவா? விட்டது. பதிவு கிடைத்தது என்று நன்றியும் சொன்னது.

போனோடு மண்டபத்து ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் தேதி சிவப்பு, அதில் சம்பந்தியின் பெயர். என் போனில் அதே தேதியில் என் பெயர். இவளும் அவர்களுக்கு வேண்டியவளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன்.

"அங்கிள், உங்க போன்ல இருக்கிறது எந்த ஊரு சிம் லைன்?"

"சிங்கப்பூர் லைன்மா. மக குடுத்தது, அவகிட்ட பேச."

"அதான்! எங்க வெப்சைட் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு கோலாலம்பூர்ல, ஒண்ணு சிங்கப்பூர்ல. வர்றவங்கள பக்கத்துல உள்ளதுக்கு அனுப்பிரும், எல்லாரும் ஒரே இடத்துல மோதக் கூடாதுல்ல. நீங்க மலாக்கால நின்னாலும் உங்க லைன் அந்த ஊரு வழியாத்தான் போவும். அது கணக்குல நீங்க சிங்கப்பூர்காரர் லா!"

"ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதானம்மா இருக்கணும்?"

"இருக்கணும். பத்து நாளா இங்க உள்ளது அங்க போய்ச் சேரல. வெப்சைட் பாக்குற ஆள்கிட்ட சொல்லியாச்சு, செய்றாங்க."

நான் தலையாட்டினேனே தவிர நம்பவில்லை. அவள் என் லைனை நிறுத்தச் சொல்லி, ஆபீஸ் வைஃபையில் சேர்த்துவிட்டாள். பக்கம் மறுபடி திறந்தது. தேதி சிவப்பு. என் பதிவைக் காணோம்.

"என் பேர எடுத்துரும்மா" என்றேன் மெதுவாக.

"அது அந்தப் பக்கம்ல இருக்கு அங்கிள். ரெண்டும் சேரட்டும், எடுத்துர்றேன்."

வெளியே வந்து மகளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "சரிப்பா" என்றாள். மோட்டார் சைக்கிளை எடுக்காமல் அங்கேயே நின்றேன். நான் நிற்கும் இடம் எனக்குத் தெரியும். எனக்கு எது பக்கம் என்று வேறு எதுவோ முடிவு செய்திருக்கிறது, அதைக் கேட்டு நான் ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் இரண்டு இடமும் ஒன்று சேர்ந்தன. ஒரே தேதிக்கு இரண்டு பதிவு இருப்பதாகச் சம்பந்திக்குத் தானாகவே ஒரு செய்தி போனது. அதில் என் பெயர் இருந்தது. அவர் போன் செய்யவில்லை. ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை.